அடுக்களைக்குப் பின்னால் ஒரு மிளா

உட்கார்ந்து செய்கிற தொழிலை எடுத்துக்கொண்டு, வாழ்நாளில் சேர்ந்தாற்போல் ஐந்து நிமிடம் உட்காராத மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். பாறசாலையில் எங்கள் வீட்டுக்கு எதிரே தையற்கடை வைத்திருந்த மிளா டெய்லர். அவருடைய சொந்தப் பெயர் அவர் மனைவிக்காவது தெரியுமா என்பது எனக்கு இன்றும் சந்தேகம்தான்.

மிளா என்பது எங்கள் பக்கத்துப் பெரிய மான். அது பகலில் படுத்துக் கிடக்கும் இடத்தைத் தேடி நெய்யாற்றின் வளைவு வளைவாக அலைவதுதான் அவருடைய உண்மையான தொழில். தையல், பஸ் செலவுக்கு. ஓணத்துக்குத் தைக்கக் கொடுத்த ஜாக்கெட்டைக் கேட்டுப் பெண்கள் வந்தால், மிஷினில் ஜாக்கெட்டின் ஒற்றைக் கை தொங்கும். ஆள் காட்டாக்கடை பஸ்ஸில் போய்க்கொண்டிருப்பார். டேப் மட்டும் கழுத்தில் இருக்கும், குளம்புத் தடத்தை அளக்க.

"ஆறு வளையுத எடத்துல மூணு பக்கமும் வெள்ளம் காவலாக்கும் மக்கா. மிளா மிச்சமுள்ள ஒரு பக்கம் செவி வச்சாப் போதும்," என்பார். சொல்லும்போதே எழுந்து நடப்பார், கேட்பவரும் கூடவே ஓட வேண்டும். கல்யாணப் பந்தியில்கூடக் காற்று வரும் திசை பார்த்து இடம் மாறிக்கொண்டே இருப்பார். பாயசம் அவரைத் தேடி அலையும்.

வேட்டையா? பன்றி விரட்ட லைசென்ஸ் வாங்கிய நாட்டுத் துப்பாக்கி ஒன்று அவரிடம் இருந்தது. மிளாவைச் சுட்டால் உள்ளே தள்ளிவிடுவார்கள் என்று அவருக்கும் தெரியும். ஆனாலும், "தோதான எடம் ஒண்ணு அமையட்டும், அப்பம் பாக்கலாம்," என்று வீறாப்புப் பேசுவார். ஒரு வளைவில் மணல் போதாது, இன்னொன்றில் மறைந்து படுக்க ஈத்த மூங்கில் காடு அடர்த்தியில்லை. கொஞ்சம் தேறுகிற இடம் கிடைத்தால் தேர்தல் வந்துவிடும், துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். தொண்ணூறுகளில் தேர்தலுக்கா பஞ்சம்? அந்தத் துப்பாக்கி அவர் வீட்டில் இருந்ததைவிடப் போலீஸ்காரர்களோடு குடும்பம் நடத்தியதுதான் அதிகம்.

இந்த மனிதரை நம்பித்தான் என் அக்காவைக் கட்டிக்கொடுத்தோம்.

யாராவது உரக்கப் பேசினாலே அக்கா அடுத்த அறைக்குள் போய்விடுவாள். கள்ளிக்காடு என்ற ஊரைத் தாண்டி ஆற்றோரத்து வீடு ஒன்றிலிருந்து வரன் வந்தது. பையன் தங்கம். ஆனால் மாமியார் வாயைத் திறந்தால் அக்கரைக்குக் கேட்கும் என்று ஒரு பேச்சு. அதெல்லாம் பொறாமைக்காரர்கள் கட்டிவிட்டது என்றார் தரகர். எதை நம்புவது? பெண் வீட்டார் போய் மாப்பிள்ளை வீடு பார்த்துவரும் வழக்கம் எங்களுக்கு உண்டு. ஆனால் அன்றைக்கு எந்த மாமியார் கத்துவாள்? அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை.

ஆறு என்ற சொல் காதில் விழுந்ததும் டெய்லர் கூப்பிடாமலே ஜீப்பில் ஏறிக்கொண்டார்.

"ஓய், அங்க வந்து மானத்தக் கெடுத்தாதேயும். ஒரு எடத்துல மிண்டாம இரியும்," என்றார் அப்பா.

"இருக்கேன் அண்ணே. நான் என்ன, சின்னப் பிள்ளையா?"

இருந்தார், ஏத்தங்காய் வறுத்த உப்பேரித் தட்டு வரும் வரைக்கும். பிறகு நாற்காலி மட்டும் இருந்தது. கூட வந்தவர் எங்கே என்று மாப்பிள்ளையின் அம்மா மெல்லக் கேட்டார். அப்பா உப்பேரித் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். எல்லோரும் சாயா குடித்து முடித்த பிறகு டெய்லர் வந்தார். முட்டியெல்லாம் சேறு, சட்டையில் மிளா ரோமம், கையில் டேப்.

"ஒரு தள்ளையும் குட்டியுமாக்கும். உங்க அடுக்களைக்குப் பொறத்தால, ஆத்து வளைவுல. நான் கெடந்து பாத்தேன், இப்பளும் சூடு உண்டு."

"அது எப்பளும் அங்கதான் கெடக்கும்," என்றார் அந்த அம்மா, அதே மெல்லிய குரலில்.

திரும்பி வரும்போது ஜீப்பில் அப்பா வெடித்தார். "உம்மளக் கூட்டிட்டு வந்த என்னைச் சொல்லணும். சம்பந்தம் பேசப் போன வீட்டுல போயி மிளா கெடந்த குழியில கெடந்தீராக்கும்?"

"அண்ணே, பிள்ளையத் தைரியமாக் குடும்," என்றார் டெய்லர். "ஒரு பாத்திரம் விழுந்தாலே மிளா எடத்த மாத்திரும். இஞ்ச கெடந்து கெடந்து மண்ணு தொட்டில் மாதிரி குழிஞ்சிருக்கு. அந்த வீட்டுல ஒருத்தரும் சத்தமா ஒச்ச வைக்கமாட்டாவ."

அப்பா மறுநாளே சம்மதம் சொல்லி அனுப்பினார். முகூர்த்த ஜாக்கெட்டை, தாலி கட்டுவதற்குக் கொஞ்சம் முன்னால், ஊசி தொங்கத் தொங்க டெய்லர் கொண்டுவந்து கொடுத்தது தனிக்கதை.

பிறகு ஒருநாள் சாயாக் கடையில் ஒருவர் அவரைச் சீண்டினார். "ஓய் டெய்லரே, தோதான எடம் அமைஞ்சாச்சு. இப்பம் தேர்தலும் இல்ல. பின்ன என்ன?"

"அங்க வெடி வச்சா மிளா போயிருமே. மிளா போனா நம்ம பிள்ள எப்பிடி இருக்காண்ணு எனக்கு எப்பிடித் தெரியும்?" என்றார் டெய்லர், பாதிச் சாயாவில் எழுந்து நடந்தபடி.

அந்த வளைவுக்கு அவர் போய்க்கொண்டேதான் இருந்தார். தைக்கக் கொடுத்த என் பேன்ட் கடைசிவரை வரவில்லை. ஆனால் அவர்மேல் எனக்குக் கோபம் வந்ததே இல்லை. கள்ளிக்காட்டிலிருந்து திரும்பும்போதெல்லாம் எங்கள் வீட்டு வாசலில் நிற்காமலே, "கெடக்கு," என்று உள்ளே பார்த்துச் சொல்லிவிட்டுப் போவார்.

அன்றைக்கு அம்மா இன்னொரு கரண்டி சோறு போட்டுச் சாப்பிடுவாள்.