டிராஃப்டில் கிடந்த ஞாயிற்றுக்கிழமை

இந்த வருஷம் மாமனார் தோட்டத்தில் மாங்காய் பறிக்கப் போவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். முடிவு என்றால் முடிவு. மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

போன வருஷம் நாகரசம்பட்டிக்கு மாப்பிள்ளையாகத்தான் போனேன். மாமனார் முனிவேல் வாசலிலேயே என் கையில் துறட்டியைக் கொடுத்தார். "கூலிக்கு ஆளே கெடைக்கல மாப்ள" என்றார். மரத்திலிருந்த சிவப்பு எறும்புகளில் பாதி என் சட்டைக்குள் குடிவந்தன. ஓசூருக்குத் திரும்பி ஒரு வாரம் ஃபேக்டரியில் சொறிந்துகொண்டே நட்டு முடுக்கினேன்.

தப்பிக்க ஒரே வழி ஞாயிற்றுக்கிழமை டியூட்டி. சூப்பர்வைசர் எல்லப்பன் சாருக்கு ஒரு மெயில் போட்டால் போதும். ஆனால் எங்கள் வீட்டுக்கே ஒரே ஒரு மெயில்தான். கல்யாணமான புதிதில் அன்பு பொங்கி, 'பிரவீனாசிவராஜ்' என்று இருவர் பேரிலும் சேர்த்து ஆரம்பித்தது. அவள் பேர்தான் முதலில். கேஸ், கரண்ட், பாப்பாவின் பள்ளிக்கூடம், என் கம்பெனி எல்லாம் அதில்தான். கம்ப்யூட்டரோ ஹாலில், சமையலறைக்கு நேர் எதிரே. நான் ஒரு எழுத்தைத் தட்டினால் பிரவீனா தாளிப்பதை நிறுத்திவிட்டு எட்டிப் பார்ப்பாள்.

ஆகவே பெங்களூரு போய் ஒரு பழைய லேப்டாப் வாங்கிவந்தேன். அதே மெயிலை அதிலும் திறந்து படுக்கையறையில் வைத்துக்கொண்டேன். அவள் டிபன் பாக்ஸில் இருக்கிற குழம்பு என் டிபன் பாக்ஸுக்கு வராது இல்லையா? மெயிலும் அப்படித்தான் என்று நம்பினேன்.

சனிக்கிழமை எனக்கு மதிய ஷிப்ட். காலை ஒன்பது மணிக்குக் கதவைச் சாத்திக்கொண்டு இங்கிலீஷில் அடித்தேன். 'சார், நாளை டியூட்டி கொடுங்கள். டபுள் ஷிப்ட் என்றாலும் சரி. மாமனாரின் மாந்தோப்பிலிருந்து என்னைக் காப்பாற்றுங்கள்.' பத்தாம் வகுப்பு இங்கிலீஷில் முப்பத்தைந்து வாங்கியவனின் காவியம். அனுப்பப் போகும்போது காலண்டர் கண்ணில் பட்டது. ராகு காலம்!

சனிக்கிழமை ஒன்பதிலிருந்து பத்தரை. அந்த நேரத்தில் நான் மளிகைச் சீட்டுகூட எழுத மாட்டேன். எங்கள் ஃபேக்டரியில் ஜெர்மனி மெஷினையே ராகு காலம் கழித்துத்தான் ஓட விட்டோம். லெட்டரை டிராஃப்டில் போட்டுவிட்டு எழுந்தேன்.

எழுந்தேனே தவிர உட்கார முடியவில்லை. மொட்டை மாடிக்குப் போனேன், வந்தேன், மறுபடி போனேன். கடிகாரம் நகரவே இல்லை. பேட்டரியைக் கழற்றி மாட்டிப் பார்த்தேன். அப்போதும் ஒன்பது இருபதுதான்.

"ஏங்க, கால்ல சக்கரம் கட்டிக்கினீங்களா?" என்றாள் பிரவீனா.

"தண்ணி டேங்க்கைப் பாத்துட்டு வந்தேன்."

"நாலு தடவயா?"

"நெறைஞ்சிருக்குதான்னு..."

"நாலு தடவயும் நெறைஞ்சுதான் இருந்துச்சா?"

"ம்."

"சரி, நாளைக்குக் காலைல ஆறு மணி பஸ்ஸு. அப்பா துறட்டிக்குப் புதுசா கத்தி கட்டி வெச்சிருக்காராம்."

"எனக்கு நாளைக்கு டியூட்டி போட்டாலும் போடுவாங்க போல."

"போட்டா போய்த்தான ஆவணும்? வேல முக்கியம் இல்லீங்களா."

அவள் இத்தனை சுலபமாக ஒப்புக்கொண்டதும் எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். சந்தோஷம்தான் வந்தது. அவள் ஹால் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து மடமடவென்று தட்டிக்கொண்டிருந்தாள்.

"என்னாது அது?"

"ஒரு லீவு லெட்டரு."

"பாப்பாவுக்கா?"

"வீட்ல ஒருத்தருக்கு. நீங்க போய் டேங்க்கைப் பாருங்க."

போய்ப் பார்த்தேன். நிறைந்துதான் இருந்தது.

பத்து முப்பத்தொன்று. படுக்கையறைக்கு ஓடினேன். டிராஃப்டில் 'ஞாயிற்றுக்கிழமை குறித்து' என்ற என் தலைப்பு அப்படியே இருந்தது. சொந்தக் காவியத்தை எவன் மறுபடி படிப்பான்? அனுப்பிவிட்டேன். உடம்பிலிருந்து ஒரு கூடை எறும்பு இறங்கிப்போன மாதிரி இருந்தது.

கால் மணி நேரத்தில் எல்லப்பன் சார் போனில் வந்தார்.

"ஏமய்யா சிவராஜ், இங்கிலீஷ் எப்பய்யா கத்துக்கின?"

"சும்மா... எழுதினேன் சார்."

"படிச்சு எனக்குக் கண்ணே கலங்கிடுச்சு. இந்தக் காலத்துல மாமனார் மேல யாருய்யா இவ்ளோ உசுர வெக்கறாங்க? ஆய்த்து, உன் வேல முடிஞ்சுது. ஞாயிறு, திங்கள், செவ்வாய், மூணு நாளும் லீவு குடுத்துட்டேன். எனக்கு ஒரு பொட்டி மாம்பழம் மறந்துடாத."

அனுப்பிய லெட்டரைத் திறந்தேன்; முதல் வரியே 'மாமனாருக்கு உதவ எனக்கு லீவு வேண்டும்' என்றிருந்தது. லேப்டாப்போடு ஹாலுக்கு ஓடினேன். பிரவீனா என் பழைய லுங்கிகளைப் பையில் மடித்து வைத்துக்கொண்டிருந்தாள்.

"என் கம்ப்யூட்டர்ல இருந்த லெட்டர்ல நீ எப்படிடி கை வெச்ச?"

"உங்க கம்ப்யூட்டர்ல எங்க இருந்துச்சு? மெயில்ல இருந்துச்சு. அத எங்க தொறந்தாலும் ஒண்ணுதான். ராகு காலத்துல நான் எதையும் அனுப்பலீங்க. திருத்தினேன், அவ்ளோதான். நல்ல நேரம் பாத்து நீங்கதான் அனுப்புனீங்க."

அழுகையே வந்துவிட்டது. "சரி, இந்த வருஷம் போவட்டும். அடுத்த வருஷம் என்னப் புடிக்க முடியாது, பாத்துக்க!"

"லெட்டரக் கடைசி வரைக்கும் படிக்கலியா?"

படித்தேன். 'ஒவ்வொரு வருஷமும் மாங்காய்ப் பருவத்தில் எனக்கு இதே மூன்று நாள் லீவு வேண்டும்' என்று முடிந்திருந்தது. அதற்கு மேலே எல்லப்பன் சாரின் பதில் வந்திருந்தது: 'ரிட்டையர் ஆகும் வரை அனுமதிக்கப்பட்டது.'