பெட்டிக்குப் போன ‘ஏனுங்க’

சும்மா இருக்கிற ஆம்பளையால் வீட்டுக்கு ஒரு கெடுதலும் வராது. டீ குடிப்பான், பேப்பர் படிப்பான், தூங்கிவிடுவான். கெடுதல் எல்லாம் பொழுதுபோக்கு வைத்திருப்பவனால்தான் வரும். எனக்கு மரவேலை, எலக்ட்ரானிக்ஸ், புரோகிராமிங் என்று மூன்று இருந்தன. செய்வதை ஊரறியச் சொல்லிக்கொள்ள ஒரு வலைப்பூ வேறு. (ஊர் என்றால் எங்கள் ஊர் இல்லை. படித்ததெல்லாம் துபாய், மலேசியாப் பக்கத்து ஆட்கள். உள்ளூரில் ஒருத்தரும் சீந்தவில்லை. அந்தத் தைரியத்தில்தான் அத்தனையும் எழுதினேன்.)

வலைப்பூவின் பெயர் ‘அறுத்து, ஒட்டி, ஓட்டி’. மரத்தை அறுப்பது, வயரை ஒட்டுவது, புரோகிராமை ஓட்டுவது, மூன்றும் அடங்கிவிட்டதே என்று பெயர் வைத்த அன்றைக்கு என்னை எனக்கே ரொம்பப் பிடித்துப்போனது. என் மனைவி கோகிலா முதல் பக்கத்தைப் பார்த்தாள்.

"மொத வார்த்தை ரொம்பப் பொருத்தமுங்க" என்றாள். அதன்பிறகு அவள் அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை.

பகலில் நான் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சன்டைசர். சாம்பிள் எங்கே என்று ஆர்டர் கொடுத்த பையர் கேட்டால், துணியே இன்னும் சாயப்பட்டறையை விட்டு வந்திருக்காது. நாங்கள் "இதோ அனுப்பிட்டோம்" என்போம். அதுதான் தொழில். வேலம்பாளையத்தில் எங்கள் வீட்டு ஹாலை ஒட்டி ஒரு சின்ன அறை. வெளிநாட்டு நிட்டிங் மெஷின் வந்து இறங்கும் பைன் மரப் பெட்டிகளின் பலகையைக் கம்பெனியில் சும்மாவே கொடுப்பார்கள். அதை அள்ளிக்கொண்டு வந்து அந்த அறையில் போட்டுக்கொண்டு, சாயங்காலம் ஆனால் நான் உள்ளே போய்விடுவேன்.

உள்ளே போன அடுத்த நிமிடம் வெளியே இருந்து வரும் குரல், "ஏனுங்க!"

எங்கள் பக்கத்தில் மனைவி கணவனைக் கூப்பிட இதுதான் வார்த்தை. பேர் சொல்லிக் கூப்பிடும் வழக்கம் கிடையாது. இந்த ஒரே வார்த்தையை இழுத்தால் பாசம், வெட்டினால் கோபம், இரண்டு தடவை சொன்னால் கேஸ் சிலிண்டர் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். நான் இரண்டு பலகைக்கு நடுவில் பசை தடவி அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்கும் நேரமாகப் பார்த்துத்தான் அது வரும். எழுந்து போனால் பலகை நழுவும், போகாவிட்டால் குடும்பம் நழுவும்.

இந்த நேரத்தில்தான் எனக்கு அந்த மகா யோசனை உதித்தது. ஒரு பைன் பெட்டி. அதற்குள் ஒரு சின்ன போர்டு, ஒரு மைக், ஒரு ஸ்பீக்கர். யாராவது "ஏனுங்க" என்றால் என் குரலில் பதில் சொல்லும். மூன்று பதில்களைப் பதிவு செய்தேன், கூப்பிடக் கூப்பிட வரிசையாக ஒவ்வொன்றாக வரும். "இதோ வந்துட்டேன் கண்ணு!" என்பது ஒன்று. "ஒரே நிமிசம் கண்ணு, கையெல்லாம் பசை!" என்பது இரண்டாவது. எதற்கும் இருக்கட்டும் என்று பொதுவாக "நீ சொன்னாச் சரி கண்ணு!" என்று மூன்றாவது. பெட்டியை அறைக் கதவுக்கு மேலே வென்டிலேட்டரின் உள்பக்கம், ஹாலைப் பார்த்தபடி பொருத்தினேன்.

அட, வேலை செய்தது! கோகிலா கூப்பிடுவாள், பெட்டி "இதோ வந்துட்டேன் கண்ணு" என்னும், நான் வரமாட்டேன். அவளுக்குத் துளி சந்தேகம் இல்லை. (வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராமல் இருப்பது உலகத்தில் எல்லாக் கணவனும் செய்வதுதானே. என் கண்டுபிடிப்பின் வெற்றிக்கு அந்த மகான்கள் போட்ட பாதைதான் காரணம்.) ஆரம்பத்தில் ஒரே குறை, அவள் கோபமாக வெட்டிக் கூப்பிட்டால் பெட்டிக்குப் புரியவில்லை. புரோகிராமில் கொஞ்சம் தளர்த்திவிட்டேன். பிறகு எந்தச் சுருதியில், யார் சொன்னாலும் பிடித்துக்கொண்டது. கரண்ட் போனால் ஊமையாகிவிடக் கூடாதே என்று பேட்டரியும் வைத்தேன். எல்லாவற்றையும் போட்டோவோடு வலைப்பூவில் ஏற்றினேன். துபாயிலிருந்து ஒருவர், "அண்ணே, புரோகிராம் கோடு அனுப்புங்க, ரொம்ப அவசரம்" என்று எழுதியிருந்தார். அன்றெல்லாம் கால் தரையில் படவில்லை.

கோகிலாவின் தங்கை பிருந்தா எங்கள் வீட்டில் தங்கித்தான் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். அவளுக்குப் பொங்கலூரிலிருந்து ஒரு வரன் வந்தது. பையன் தினேஷ் சொந்தமாக நிட்டிங் மெஷின் போட்டு ஓட்டுகிறவன், வீட்டில் தென்னந்தோப்பு. அதற்கு முன் வந்த வரன்கள் ஜாதகம், உயரம், தூரத்து உறவு என்று ஏதாவது ஒன்றில் தட்டிப்போயிருந்தன. இந்தத் தடவை பெரியவர்கள் அனுமதியோடு இரண்டு பேரும் போனில் பேசியிருந்தார்கள். பேசி வைத்த நாளிலிருந்து பிருந்தா சோற்றைப் பார்த்துச் சிரித்தாள், சுவரைப் பார்த்துச் சிரித்தாள். என் மாமனார் ஊர் குன்னத்தூர். இரண்டு பக்கத்துக்கும் திருப்பூர் தோது என்று பெண் பார்ப்பது எங்கள் வீட்டில் என்று முடிவானது.

"இன்னிக்கி ஒரு நாளைக்கு உங்க கோமாளித்தனம் ஒண்ணும் வேண்டாமுங்க. அவ மனசுல பையன் ஒக்காந்துட்டான். இது தட்டிப்போச்சுன்னா புள்ள தாங்கமாட்டா" என்று கோகிலா காலையிலேயே எச்சரித்தாள். என் அறையில் கிடந்த மரத்தூளும் வயரும் பெண் பார்க்க வரும் ஒறம்பரை கண்ணில் படக் கூடாது என்று ஆள் வைத்து பீரோவை நகர்த்தி அறைக் கதவை அடைத்தாள். நானும் சும்மா இல்லை. அறைக்குப் போகும் மெயின் சுவிட்சை ஆஃப் செய்தேன். எப்பேர்ப்பட்ட முன்யோசனை! (பேட்டரி என்று ஒன்று வைத்ததை உலகத்துக்கெல்லாம் எழுதிய நான்தான் மறந்துபோனேன்.)

வந்தார்கள். தினேஷ், அவன் அப்பா, அம்மா, கூட சில சொந்தங்கள். ஒப்பிட்டும் (வெளியூரில் போளி என்பார்கள்) மிக்சரும் வைத்தோம். மழை, தேங்காய் விலை, நூல் விலை என்று பேச்சு நன்றாகப் போனது. அப்போது சமையலறையிலிருந்து என் மாமியார் என் மாமனாரைக் கூப்பிட்டார்.

"ஏனுங்க, காப்பிக்குச் சக்கரை அளவாப் போட்டுடலாமுங்களா?"

பீரோவுக்குப் பின்னாலிருந்து என் குரல், "இதோ வந்துட்டேன் கண்ணு!" என்றது.

நான் வாய் நிறைய மிக்சரோடு உட்கார்ந்திருந்தேன். மாமனார் என்னைத் திரும்பிப் பார்த்தார். மாமியாரைக் ‘கண்ணு’ என்று கூப்பிட்ட மருமகனைப் பார்க்கும் பார்வை எப்படி இருக்கும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

"பக்கத்து ஊட்டு டிவிங்க" என்றேன். மிக்சர் எதிரில் இருந்தவர் மடியில் தெறித்தது.

சமாளித்துவிட்டோம் என்றுதான் நினைத்தேன். பிருந்தா காபித் தட்டோடு வந்தாள். தினேஷின் அம்மாவுக்கு முகமெல்லாம் பூரிப்பு. கணவரிடம் மெதுவாகச் சாய்ந்து, "ஏனுங்க, புள்ள லட்சணமா இருக்குதுங்களே?" என்றார்.

"ஒரே நிமிசம் கண்ணு, கையெல்லாம் பசை!"

தினேஷின் அப்பா தன்னையறியாமல் தன் கையைப் பார்த்தார். ஒப்பிட்டு நெய்யில் கை பிசுபிசு என்றுதான் இருந்தது. அப்புறம்தான் பேசியது தான் இல்லை என்று அவருக்கு உறைத்தது. வேட்டியை இறுக்கிக்கொண்டு என்னிடம் கேட்டார்.

"ஏனுங் மாப்ள, ஆருங்க அது உள்ள?"

"நீ சொன்னாச் சரி கண்ணு!"

இனி நடந்ததை எப்படிச் சொல்வேன்! எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு சந்தேகம் வந்தால் வாயில் முதலில் வரும் சொல்லே ‘ஏனுங்க’தான். "ஏனுங்க, என்னங்க சத்தம்?" என்றார் ஒருவர். "இதோ வந்துட்டேன் கண்ணு!" "ஏனுங்க, உள்ள ஆம்பள இருக்குறாப்புல இருக்குதே?" "ஒரே நிமிசம் கண்ணு, கையெல்லாம் பசை!" கேட்கக் கேட்கப் பதில், பதில் வர வரக் கேள்வி. எனக்கு மூளை குழம்பி எழுந்து நின்று, "அய்யோ, யாரும் ஏனுங்கன்னு சொல்லாதீங்க!" என்று கத்தினேன்.

"நீ சொன்னாச் சரி கண்ணு!" என்று பெட்டி எனக்கே பதில் சொன்னது.

கல்யாணப் பெண் இருக்கும் வீட்டில், பீரோ வைத்து மறைத்த அறைக்குள் ஓர் ஆண் ‘கண்ணு கண்ணு’ என்கிறான். வேறென்ன வேண்டும்! அவர்கள் பக்கத்து ஆட்களே பீரோவைத் தள்ளினார்கள். உள்ளே ஆள் இல்லை. தினேஷின் அப்பா மேலே பார்த்தார். பெட்டி, வயர், ஹாலைப் பார்த்து நீட்டிக்கொண்டிருந்த மைக். ஆள் இருந்திருந்தாலே பரவாயில்லை என்று ஆகிவிட்டது.

"மைக்கு வெச்சு நாங்க பேசறதப் புடிக்கறீங்களா?" அவர் குரலில் மரியாதை இருந்தது, சூடும் இருந்தது. "பொண்ணு குடுக்கற ஊடுன்னு நம்பி வந்தமுங்க. நல்லா இல்லீங்க இது. எந்திரிங்கப்பா, கெளம்பலாம்."

"புடிக்கலீங்க, அது வெறும் பொம்மைங்க" என்று ஏதோ உளறினேன். யாரும் நம்பவில்லை. செருப்பைத் தேட ஆரம்பித்தார்கள். கோகிலா உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். பிருந்தா காலித் தட்டைப் பிடித்துக்கொண்டு தினேஷைப் பார்த்தாள். அவன் இவளைப் பார்த்தான். அவள் கண் நிரம்பிவிட்டது.

அது என்னவென்று நிரூபிக்க என்னிடம் ஒரே ஒரு சாட்சிதான் இருந்தது. அந்தச் சாட்சி என் கழுத்தையும் சேர்த்து அறுக்கும் என்று எனக்குத் தெரியும். எனக்குப் பயம் என்றால் அப்படி ஒரு பயம். ஆனால் அந்தப் பிள்ளையின் கண்ணைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சும்மா இருப்பது?

"தினேஷ், போன்ல ‘அறுத்து, ஒட்டி, ஓட்டி’ன்னு தேடுங்க. அந்தப் பெட்டியப் பத்தி அதுல எல்லாம் எழுதியிருக்கேன்" என்றேன்.

அவன் தேடி எடுத்தான். அவன் அப்பா, "சத்தமாப் படி. எல்லாருங் கேக்கட்டும்" என்றார். கெரகம் அப்படியா வந்து உட்காரும்!

தினேஷ் தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தான். "மனைவி கூப்பிட்டதும் எழுந்து ஓடும் கணவரா நீங்கள்? இதோ உங்களுக்கு விடுதலை! இந்தப் பெட்டி எதையும் பதிவு செய்யாது. மனைவி கூப்பிடும் அந்த ஒரு சொல்லை மட்டுமே அறியும்." இதுவரை நன்றாகத்தான் இருந்தது. அங்கேயே நிறுத்தியிருக்கலாம். நல்ல பையன், முழுதும் படித்தான். "சோதனை முடிவு: பல மாதங்களாக என் மனைவிக்குச் சந்தேகமே வரவில்லை. சில நாள் பெட்டியோடு நாலு வார்த்தை பேசிவிட்டுத் திருப்தியாகப் போய்விடுகிறாள். அந்த நேரத்தில் நான் பேக்கரியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருப்பேன் என்பது கூடுதல் தகவல்."

முதலில் சிரித்தது தினேஷின் அம்மாதான். சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கணவர் பக்கம் திரும்பினார்.

"ஏனுங்க, தோப்புல இருந்துக்கிட்டு ‘வந்துட்டேன் வந்துட்டேன்’னு போன்ல சொல்லறீங்களே, அதுவும் பொட்டிதானுங்களா?"

"இதோ வந்துட்டேன் கண்ணு!" என்றது பெட்டி.

வீடு இடிந்துவிடும் போலச் சிரித்தார்கள். வாசல் வரை போன செருப்புகள் எல்லாம் கழன்றன. தினேஷின் அப்பா மறுபடி உட்கார்ந்து இன்னொரு ஒப்பிட்டை எடுத்தார். "பொண்டாட்டிக்குச் செஞ்ச திருட்டுத்தனத்தையே போட்டோ புடிச்சு ஊருக்கெல்லாம் எழுதிப் போட்டிருக்காரு. இவிங்க நம்மகிட்ட என்னத்தங்க மறைக்கப்போறாங்க? முடிச்சுப்போடலாமுங்க" என்றார். தட்டை மாற்றிக்கொண்டார்கள். பிருந்தா அழுதுகொண்டே சிரித்தாள். எனக்கும் கண் கலங்கிவிட்டது. (பாதி சந்தோஷம், பாதி அடுத்து வரப்போவதை நினைத்து.)

எல்லோரையும் வழியனுப்பிவிட்டு கோகிலா வந்து என் எதிரில் உட்கார்ந்தாள். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அம்மாவுக்குக் காச்சல்னு அழுதுக்கிட்டே சொன்னனே. நாலு நாள் ஊருக்குப் போயிட்டு வாரனுங்கன்னு கேட்டனே. ‘நீ சொன்னாச் சரி கண்ணு’ன்னது நீங்களா, பொட்டியா?"

அன்றைக்குப் பேக்கரியிலிருந்து வந்து பார்த்து, வீட்டில் ஆளைக் காணோமே, எதற்கோ கோபித்துக்கொண்டு போய்விட்டாள் என்று நான் தலையைப் பிய்த்துக்கொண்டது ஞாபகம் வந்தது.

"பொட்டி" என்றேன். எனக்கே என் குரல் கேட்கவில்லை.

"ஒரு கேள்வி கேக்காம அனுப்பிவெச்ச தங்கமான புருசன்னு பஸ்ஸுல போறப்பக்கூட நெனச்சுக்கிட்டே போனனுங்க." பெட்டியை நிமிர்ந்து பார்த்தாள். அப்புறம் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டேதான் தீர்ப்பையும் சொன்னாள். "சேரி. அந்த வார்த்தையத்தான் பொட்டிக்குக் குடுத்துட்டீங்களே. இனி அது பொட்டிக்கே இருக்கட்டும்."

மறுநாள் காலையில் ஹாலிலிருந்து ஒரு குரல். "கதிர்வேலு! ஏ கதிர்வேலு!" யாரையோ கூப்பிடுகிறாள் என்று இருந்துவிட்டேன். அது என் பேர். மாமியார் கேள்விப்பட்டு நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். கோகிலா மசியவில்லை. பிருந்தா கல்யாணத்தில், நிறைந்த பந்திக்கு நடுவில் நின்று "கதிர்வேலு, ரசம் பத்தல, வெசயா வாங்க!" என்று கூப்பிட்டாள். மண்டபமே திரும்பிப் பார்த்தது. நான் ரச வாளியோடு ஓடினேன். சம்பந்தி வீட்டில் எனக்குப் பேரே ‘பொட்டி மாப்ள’. அங்கே எந்தப் பெண் யாரை ‘ஏனுங்க’ என்று கூப்பிட்டாலும் குஞ்சு குளுவான் வரைக்கும் சேர்ந்து "கையெல்லாம் பசை!" என்று கத்துகிறார்கள்.

பெட்டியைக் கழற்றிவிடுகிறேன் என்று எத்தனையோ முறை கெஞ்சிவிட்டேன். விடமாட்டேன் என்கிறாள். சமையலறை அலமாரிக்கு அதை மாற்றிக்கொண்டாள். நேற்று சாயங்காலம் அறையில் ஒரு ஸ்டூலுக்குக் கால் ஒட்டிக்கொண்டிருந்தேன். சமையலறையிலிருந்து "ஏனுங்க..." என்று ஒரு குரல். பழைய இழுப்பு, பழைய பாசம், எத்தனை நாளாக ஏங்கிக் கிடந்த குரல்! பலகை நழுவினால் நழுவட்டும் என்று அப்படியே போட்டுவிட்டு, பசைக் கையோடு ஓடிப்போய்ச் சமையலறை வாசலில் மூச்சு வாங்க நின்றேன். கோகிலா திரும்பிப் பார்த்தாள்.

"உங்களையில்ல கதிர்வேலு" என்றாள். "அவரைக் கூப்புட்டேன்."