ஐப்பசி மழையில் போட்ட காப்பி

உ
பிள்ளையார்பட்டியான் துணை

காரைக்குடி
கார்த்திகை 12, 1966

மழைக்கணக்கு ஆபீஸ் பெரிய ஐயா அவர்களுக்கு, ஐந்தாம் வகுப்பில் முதலாவதாகத் தேறிய மெய்யம்மை ஆச்சி எழுதிக்கொண்டது. இங்கு யாரும் நலமில்லை. தாங்கள் மனது வைத்தால்தான் என் பேரன் ஏகப்பனுக்கு விடிவு.

தொண்டிப் பக்கம் கடலோரத்தில் அவனுக்கு மழை அளக்கும் உத்தியோகம். தகப்பனில்லாத பிள்ளைக்குச் சமைத்துப் போட ஐப்பசி முதல் தேதி போனேன். அந்த ஊர்க் கிணற்றுத் தண்ணீர் ஒரே உப்பு, பருப்பு வேகாது, காப்பியை வாயில் வைக்க முடியாது. நாங்களோ முற்றத்து மழையை அண்டா அண்டாவாகப் பிடித்துப் புழங்குகிறவர்கள். வேலிக்குள் ஒரு செம்புப் பாத்திரம் வானம் பார்த்து நிற்கவும், நம் பிள்ளைக்கு என்ன கருத்து, அப்பத்தாவுக்கு நல்ல தண்ணீர் பிடித்து வைத்திருக்கிறானே என்று பூரித்து, தினமும் விடியுமுன் அந்த மழைத்தண்ணீரை எடுத்துக் காப்பி போட்டு, பாத்திரத்தைப் புளி போட்டுத் துலக்கி, துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்துவிடுவேன். எட்டரை மணிக்கு அவன் போய்ப் பார்த்து, முழங்கால் சேற்றில் நின்றுகொண்டு சைபர் எழுதுவான்.

“என்னப்பா, மொகம் வாடிக் கெடக்கு?” என்றேன்.

“ராவெல்லாம் கொட்டுது அப்பத்தா, அளவுல ஒரு சொட்டு இல்ல. இருக்குறதத்தான எழுதணும்? காப்பி மட்டும் அமிர்தமாப் போடுறீக, இன்னொரு தம்ளர் குடுங்க.”

போன வாரம் ஒரு அதிகாரி கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு வந்தார். “தம்பி, வாசல்ல வெள்ளம், ஏட்டுல பஞ்சமா? நாப்பது வருஷத்துல இப்படி ஒரு ஐப்பசி கெடையாதே!” என்று கத்தினார். அப்போதுதான் அது என்ன பாத்திரம் என்று எனக்கு உறைத்தது. ஏகப்பனிடம் இன்னும் சொல்லவில்லை. இப்போது வேலையிலிருந்து நிறுத்தி விசாரணை. கீழச்சிவல்பட்டியில் பேசி வைத்த பெண்வீட்டார், “மழையவே திங்கிற மாப்பிள்ளை வேணாம்” என்றுவிட்டார்கள். பிள்ளை சோறு தின்று நாலு நாளாகிறது.

பாவம் முழுக்க என்னுடையது. எனக்கு ஞாபகம் பிசகாது: தீபாவளி விடிகாலை நாலு தம்ளர், அதற்கடுத்த திங்கள் இரண்டரை, சஷ்டியன்று ஐந்து. தம்ளரையும் பார்சலில் அனுப்புகிறேன். அளந்து ஏட்டில் ஏற்றிக்கொண்டு, பிள்ளையை வேலையில் சேர்க்க வேண்டும். சர்க்கார் சொத்தை இனிக் கையால் தொட மாட்டேன், இது சத்தியம்.

தங்கள் பிள்ளைகுட்டிகள் நனையாமல், காயாமல் நன்றாக இருக்கட்டும்.

மெய்யம்மை

பின்குறிப்பு: சாட்சி களவு போய்விடக் கூடாதென்று அந்தப் பாத்திரத்தைக் கையோடு எடுத்து வந்துவிட்டேன். எங்கள் வீட்டுச் சாமான்களோடு கலந்துவிடாமலிருக்க, பாத்திரக்காரரைக் கூப்பிட்டுப் பெயரும் வெட்டியாயிற்று. ஏகப்பன் பெயர்தான்.