பதினான்காம் அடிக்குறிப்பு

மாப்பிள்ளை அவர்களுக்கு மாமனார் எழுதுவது. இங்கே நானும் உங்கள் அத்தையும் நலம். அங்கே என் மகளின் நலமறிய ஆவல். உங்கள் நலம் உங்கள் ஆய்வுக்கட்டுரையிலேயே தெரிகிறது, நன்றாகத்தான் இருக்கிறீர்கள்.

இரண்டு துகள்கள் மோதினால் என்ன ஆகும் என்பதற்கு முதல் விடையை யாரும் ஒரு மத்தியானத்தில் போட்டுவிடலாம். அதன்மேல் வரும் குவாண்டம் திருத்தங்களுக்காக நான் ஆறு வருஷம், துகள்கள் மோதக்கூடிய விதங்களைக் காட்டும் நாலாயிரத்துச் சொச்சம் படங்களை ஒவ்வொன்றாக வரைந்து கணக்குப் போட்டேன். நீங்கள் அதே கணக்கை வேறு வழியில் போட்டு, பதினான்காம் அடிக்குறிப்பில், பொடி எழுத்தில், 'முந்தைய முடிவு தவறு' என்று மூன்றே வார்த்தையில் என் சோலியை முடித்துவிட்டீர்கள். ஒரு போன் பண்ணக் கை வரவில்லையா? நேற்று டீ குடிக்கப் போன இடத்தில் பரிசோதனைக்கூடத்து நண்பர், "சார், அடுத்த வாரம் எங்க அளவீடு வெளியாகுது. உங்க எண்ணோட ஒப்பிடறதா, உங்க மாப்பிள்ளை எண்ணோடயா?" என்று எல்லார் முன்னாலும் கேட்கிறார். டீயை அப்படியே வைத்துவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்தால் உங்கள் அத்தை, "எவ்வளவுதான் வித்தியாசம்?" என்றாள்.

"ஆயிரத்துல மூணு பங்கு."

"இதுக்கா மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கீங்க?"

சரி, பெற்ற மகளாவது கேட்பாள் என்று போன் போட்டால், "அப்பா, உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு அவர் ஒரு வாரமா சரியாச் சாப்பிடல" என்கிறாள்.

"அதுக்கு அடிக்குறிப்புல சொல்றதா?"

"நேர்ல சொன்னா நீங்க பேச விடுவீங்களா?"

கட்சி மாறிவிட்டாள். ஆகவே ஞாயிற்றுக்கிழமை நான் அங்கு வரப்போவதில்லை. உங்கள் அத்தை வருவாள். அவளுக்கு அடிக்குறிப்பு படிக்கும் பழக்கம் இல்லை.

எல்லா நலமும் பெற்று வாழுங்கள். கொஞ்சம் தாமதமாகப் பெற்றாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை.

இப்படிக்கு,
இன்னமும் உங்கள் மாமனார்

பி.கு.: உங்கள் முகத்தில் அறைந்தாற்போல் ஆதாரத்தையும் சேர்த்து அனுப்பலாமென்று பழைய நோட்டுகளை எடுத்துப் பார்த்தேன். அறுபத்தொன்றாம் பக்கத்தில் கழிக்க வேண்டியதைக் கூட்டியிருக்கிறேன். திருத்திப் போட்டால் உங்கள் எண்தான் வருகிறது, கடைசி இலக்கம் வரை. பரிசோதனைக்கூடத்து நண்பரிடம் சொல்லிவிட்டேன். ஆனால் ஒன்று: தவறு என்று எழுதத் தெரிந்த உங்களுக்கு, எங்கே தவறு என்று தேடிப் பார்க்க மட்டும் நேரமில்லையா? ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்தே கேட்கிறேன்.