மாலகியின் படகுத் தோழர்கள்

"எங்க சித்தப்பா உங்களுக்கு எப்படிப் பழக்கம்?" என்று கேட்டுவிட்டு, அந்தப் பெண் லோர்கனின் கையை விடாமல் பிடித்துக்கொண்டாள்.

அயர்லாந்தின் லீட்ரிம் பக்கத்தில் லோர்கன் இதுவரை எத்தனையோ சாவுக்குப் போய்விட்டான். ஒருவர்கூட இப்படிக் கேட்டதில்லை. சர்ச்சின் முன்வரிசையில் குடும்பம் நீளமாக உட்கார்ந்திருக்கும். வரிசையில் போய் ஒவ்வொரு கையாகக் குலுக்கி, "மனசுக்குக் கஷ்டமா இருக்குங்க" என்று முணுமுணுத்துக்கொண்டே நகர வேண்டியதுதான். அப்புறம் டீ, ஹாம் சாண்ட்விச், ஊர்வம்பு. செத்தது ஆணா பெண்ணா என்றே தெரியாமல்கூட அவன் டீ குடித்திருக்கிறான்.

இன்றைக்குப் பார்த்துக் குடும்பம் என்று இருந்தது இந்த டெர்வ்லா ஒருத்திதான். செத்துப்போன மாலகி கோம்லியின் அண்ணன் மகள். மான்செஸ்டரிலிருந்து காலை விமானத்தில் வந்திருக்கிறாள். வேறு குலுக்க வேண்டிய கை இல்லாததால் அவளுக்குக் கேள்வி கேட்க நேரம் இருந்தது.

சாவுக்குப் போகும் இந்த யோசனை முதலாளி கெரட்டியுடையது. மனைவி கிரானியாவுக்கு இங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை கிடைத்ததால் டப்ளினை விட்டு வந்து, புதிதாக வீட்டுத் தரகு லைசென்ஸ் வாங்கியவன் லோர்கன். வேலையில் சேர்ந்த அன்றே கெரட்டி சொல்லிவிட்டார்.

"விளம்பரத்துக்கெல்லாம் எங்கிட்ட காசு கிடையாது தம்பி. காலையில ரேடியோவுல நியூஸ் முடிஞ்சதும் சாவுச் செய்தி வாசிப்பான். கேளு, கெளம்பிப் போ. நாலு பேரு உன் மூஞ்சியப் பாக்கட்டும். இந்த ஊர்ல சாவுக்கு வராதவன நம்பி எவனும் வீட்ட விக்கக் குடுக்க மாட்டான்."

லோர்கன் போனான். நாலு பேர் என்ன, நானூறு பேர் அவன் மூஞ்சியைப் பார்த்தார்கள். வீடுதான் வரவில்லை. போன வாரம் கெரட்டியின் பொறுமையும் செத்துப்போய், வெள்ளிக்கிழமைக்குள் விற்பதற்கு ஒரு வீடாவது கொண்டு வராவிட்டால் ஆபீஸ் சாவியை வைத்துவிட்டுப் போகும்படி சொல்லிவிட்டார்.

இன்று வியாழன். காலையில் ரேடியோவில் "ஏரிக்கரை இல்லத்தில்" என்று காதில் விழுந்ததுமே அவன் கறுப்புக் கோட்டைத் தேட ஆரம்பித்தான்.

"யாரு போயிட்டாங்க?" என்றாள் கிரானியா.

"சரியாக் கேக்கல. ஆனா ஏரியப் பாத்த வீடு."

"உனக்குக் கொஞ்சமாவது வெக்கமா இல்லியா?"

"இருக்கு. வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் படறேன்."

அந்த வெட்கம் ஒரு நாள் முன்னதாகவே வந்துவிட்டது. டெர்வ்லா இன்னும் கையை விடவில்லை. ஏரிக்கரை வீடு என்பதைத் தவிர மாலகியைப் பற்றி அவனுக்கு ஒன்றும் தெரியாது. அதை வைத்துக்கொண்டுதான் சமைத்தாக வேண்டும்.

"மீன் பிடிக்கப் போவோம்," என்றான் லோர்கன். "ரெண்டு பேரும். படகுல."

"சித்தப்பாவா? படகுலயா?" அவள் கண் விரிந்தது.

லோர்கனுக்கு வியர்த்தது. அப்போது பின்னால் நின்ற சிவந்த முகக்காரர் ஒருவர் அவன் தோளில் கை வைத்தார்.

"ரெண்டு பேருன்னு சொல்றாரே. நானும் அந்தப் படகுலதாம்மா இருந்தேன்," என்றார்.

லோர்கன் திரும்பிப் பார்த்தான். அந்த மனிதரை அவன் ஜென்மத்தில் பார்த்ததில்லை. அவருக்குப் பின்னால் நின்ற நெட்டையர் தொப்பியைக் கழற்றினார்.

"துடுப்புப் போட்டதே நான்தான்."

கடவுள் இருக்கிறார் என்று லோர்கன் நினைத்தான். அப்புறம்தான் உறைத்தது. மாலகியிடம் நிஜமாகவே ஒரு படகு இருந்திருக்கிறது, அதில் நிஜமாகவே நண்பர்கள் போயிருக்கிறார்கள். இவர்களுக்கு நடுவே இவன் ஒருத்தன்தான் போலி. எவனாவது ஒரு கேள்வி கேட்டால் தீர்ந்தது கதை. நல்லவேளையாக அவர்கள் யாரும் அவனிடம் எதுவும் கேட்கவில்லை.

எல்லாரும் போய் உட்கார்ந்ததும் ஃபாதர் லவல் பீடத்திலிருந்து எட்டிப் பார்த்தார். "பெட்டியத் தூக்க ஆம்பளைங்க வேணுமே..."

அவர் முடிக்கும் முன் ஐந்து பேர் எழுந்து நின்றார்கள். இவ்வளவு பெரிய நட்பு நிற்கும்போது தான் மட்டும் உட்கார்ந்திருந்தால் சந்தேகம் வருமே என்று லோர்கனும் எழுந்தான். ஆறு ஆயிற்று.

"இருங்க," என்றது ஒரு குரல். மாலகியின் பக்கத்து வீட்டு நோரீன் அம்மாள், கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி ஆறு பேரையும் மேலும் கீழும் பார்த்தார். "எனக்குக் கல்யாணமானதுலேர்ந்து அவருக்கு அடுத்த வீடு. நான் படகையும் பாக்கல, உங்கள்ல ஒருத்தரையும் பாக்கல."

எல்லாரும் லோர்கனைப் பார்த்தார்கள். படகை முதலில் தண்ணீரில் இறக்கியவன் அவன்தானே.

"படக அக்கரையில கட்டியிருந்தோம்," என்றான்.

"அக்கரையிலதான்," என்றார் சிவந்த முகக்காரர் உடனே.

"ராத்திரியிலதான் போவோம்," என்றார் நெட்டையர்.

"மாலகி எட்டு மணிக்கு வெளக்க அணைச்சிருவாரே."

"அணைச்சிட்டுதாம்மா வருவாரு."

நோரீன் அம்மாள் கைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்தார். "இத்தன வருஷம் பக்கத்துல இருந்துட்டு, பாவம் தனியாக் கெடக்குறாரேன்னு நெனச்சேன். வாரா வாரம் சூப் குடுத்து அனுப்புவேன். அவருக்கு இத்தன பேரு இருந்திருக்கீங்க," என்று அழ ஆரம்பித்தார்.

லோர்கனுக்குத் தன் மேலேயே அருவருப்பு வந்தது. எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்பார்கள். அவன் வீட்டையே பிடுங்க வந்திருந்தான்.

அத்தோடு விட்டார்களா? ஃபாதருக்கும் மனம் இளகிவிட்டது. "படகுக்காரங்கள்ல ஒருத்தர் ரெண்டு வார்த்தை பேசணும்," என்று லோர்கனைக் கூப்பிட்டார்.

பீடத்தின் முன் நின்று லோர்கன் மூச்சை இழுத்துவிட்டான். ஆபத்தில்லாததாகச் சொல்ல வேண்டும். "மாலகி அதிகமாப் பேச மாட்டாரு. ஆனா படகுல எடம் இல்லைன்னு ஒருத்தரையும் திருப்பி அனுப்பினதில்ல."

சர்ச்சே மூக்கை உறிஞ்சியது. இதைப் பார்த்த நெட்டையருக்குப் பொறுக்கவில்லை. எழுந்து, ஒரு புயல் ராத்திரி படகு கவிழ்ந்ததாகவும், நீச்சல் தெரியாத தன்னை மாலகி தலைமுடியைப் பிடித்து இழுத்துக் கரைசேர்த்ததாகவும் சொன்னார். அவர் தலை வழுக்கை. சிவந்த முகக்காரர் அடுத்து எழுந்து, அதே ராத்திரி தன்னையும் காப்பாற்றியதாகச் சொன்னார். சாட்சிக்கு இருவரும் லோர்கனைப் பார்த்தார்கள். அவன் தலையாட்டினான். வேறு வழி?

அடக்கம் முடிவதற்குள் மாலகி மொத்தம் நான்கு பேரைக் காப்பாற்றியிருந்தார். கல்லறைப் பக்கத்தில் நின்று ஃபாதர் லவல் ஓர் அறிவிப்புச் செய்தார். இனி வருஷா வருஷம் இந்த நாளில் மாலகியின் நினைவாக ஏரியில் படகுப் பவனி. முதல் படகை ஓட்டப் போவது லோர்கன். குளியல் தொட்டியிலேயே தண்ணீரைக் கொஞ்சமாக நிரப்புகிறவன் அவன்.

ஹாலில் டீ கொடுத்தார்கள். லோர்கன் ஒரு சாண்ட்விச்சை எடுத்துக் கடிக்காமலேயே வைத்திருந்தான். படகுத் தோழர்கள் ஒவ்வொருவராக டெர்வ்லாவிடம் தனியாகப் போய், கையைப் பிடித்து, காதோரம் ஏதோ ஆறுதல் சொல்லிவிட்டு வந்தார்கள். அவளும் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டாள். நட்பு என்றால் இது என்று லோர்கனுக்கு நெஞ்சு கனத்தது.

போன் அடித்தது. கெரட்டி.

"என்னடா, வீடு அமைஞ்சுதா?"

"இல்ல சார். அமையாது. சாவிய நாளைக்குக் கொண்டாந்து வச்சிடறேன்."

போனை வைத்துவிட்டு நேராக டெர்வ்லாவிடம் போனான். வேலை போனது போகட்டும், அந்த அம்மாள் அழுததை அவனால் தாங்க முடியவில்லை.

"உங்ககிட்ட ஒரு உண்மையச் சொல்லணும்," என்றான். "உங்க சித்தப்பாவ நான் பாத்ததே இல்ல. படகு, மீனு எல்லாம் பொய். நான் ஒரு வீட்டு புரோக்கர். வீட்ட விக்கறதுக்குக் கேக்கலாம்னு வந்தேன். மத்த அஞ்சு பேரும் உண்மையான சிநேகிதங்க, என்னால அவங்களத் தப்பா நெனச்சுராதீங்க. மன்னிச்சிருங்க."

டெர்வ்லா கோபப்படவில்லை. டீக்கோப்பையை மேசையில் வைத்துவிட்டு, கையை நீட்டினாள்.

"அப்போ உங்க கார்டையும் குடுத்துருங்க. பெட்டியோட வந்தவங்கள்ல, வீட்ட வித்துத் தரேன்னு எனக்குக் கார்டு குடுக்காத ஒரே ஆளு இனிமே எங்க சித்தப்பா மட்டும்தான்."