நாரந்தனையில் நான் வாசித்த ஒரேயொரு பாட்டு

நான் கிற்றார் வாசித்ததைக் கேட்டு ஒரு மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியிருக்கிறது. இதை ஒப்புக்கொள்ள இப்போது எனக்கு வெட்கமில்லை. (மாட்டுக்காரரிடம் அன்றைக்கு ஒப்புக்கொள்ளவில்லை. ஜெனரேற்றர் சத்தம் என்று சொல்லிவிட்டேன்.)

எழுபதுகளின் நடுப்பகுதி. எங்கள் தீவில் மீசை அரும்பிய எவனும் ஏதாவது ஒரு இசைக்குழுவில் இருந்தான். இல்லாதவன் அடுத்த மாதம் ஒன்று தொடங்கப்போவதாகச் சொல்லித் திரிந்தான். பின்னேரத்தில் ஊர்காவற்றுறையிலிருந்து கரம்பொன்னுக்குச் சைக்கிளில் வந்தால் ஒரு வளவுக்குள் மவுத் ஓகன் கேட்கும், அடுத்த வளவுக்குள் பொங்கோ. பனைகளுக்கு அப்பால் யாரோ ஒருவர் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடிப் பழகிக்கொண்டிருப்பார். உப்புக்காற்று எல்லாவற்றையும் கலந்து கொண்டுவந்து தரும். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லைதான். ஆனால் சைக்கிளை மிதிக்க மனம் வராது.

எங்கள் குழுவுக்கு மூன்று பெயர்கள் இருந்தன. டிரம்மில் எழுதியிருந்தது நாலாவது. அது கலைந்துபோன வேறொரு குழுவின் டிரம். தலைவர் அன்ரன் அண்ணை. பகலில் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்துவிட்டுப் பின்னேரங்களில் அக்கோடியன் வாசிப்பார். மெலிந்த மனிதர், அதிர்ந்து ஒரு சொல் பேசமாட்டார். பாடுகிறவன் யோகன். ஒலிபெருக்கி, வயர் வேலையெல்லாம் மணியம். தாளத்துக்கு இரண்டு பேர். நான் ரிதம் கிற்றார்.

நான் அதில் சேர்ந்த விதத்தைச் சொல்லவேண்டும். தெற்கே காலி நகரில் கடை வைத்திருந்த என் மாமா, அங்கே ஹோட்டலில் பைலா வாசித்த குழுவொன்று கலைந்தபோது, அவர்களின் மின்சாரக் கிற்றாரையும் அம்பிளிபயரையும் வாங்கி எனக்கு அனுப்பிவைத்தார். வெளிநாட்டுச் சாமான் கண்ணிலும் காணக் கிடைக்காத காலம். அந்த அம்பிளிபயர் ஒரு சின்ன அலுமாரி அளவில் இருந்தது. அது வந்திறங்கிய மூன்றாம் நாள் அன்ரன் அண்ணை வீட்டுக்கு வந்தார். அதை நெடுநேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, குழுவில் சேர விருப்பமோ என்று கேட்டார். வாசித்துக் காட்டட்டுமா என்றேன். தேவையில்லை, முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது என்றார். (அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.)

எனக்கு அப்போது கிற்றாரில் மூன்று விரல்பிடிகள் தெரியும். புத்தகம் பார்த்துப் படித்தவை, அதில் ஒன்றின் படம் கிழிந்திருந்தது. சுருதி சேர்ப்பதற்கு நானே ஒரு முறை கண்டுபிடித்திருந்தேன். தலைப்பக்கத்து முறுக்காணிகள் ஆறும் ஒரே திசையைப் பார்த்து நின்றால் சுருதி சேர்ந்துவிட்டது.

அதற்குப் பிறகு வந்த ஆறு மாதமும் கனவுபோலத்தான் இருந்தது. காரைநகரில் கச்சேரி என்றால் பின்னேர வெயிலில் பாதையில் போவோம். கடலைக் கடக்கும் மிதவைக்கு எங்கள் ஊரில் பாதை என்று பெயர். நடுக்கடலில் அன்ரன் அண்ணை அக்கோடியனை மெல்ல விரிப்பார். மீன்கூடைகளோடு நின்ற பெண்களும் கதையை நிறுத்திவிடுவார்கள். தண்ணீர் செம்பு நிறமாக இருக்கும். சாட்டிக் கடற்கரையில் பழைய மாணவர்களின் ஒன்றுகூடலில் வாசித்தபோது, எங்கள் பாட்டுக்கேற்றபடிதான் அலை வந்து போகிறது என்று நான் நம்பினேன். மேடையேறினால் கண்ணை மூடிவிடுவேன். மணியம் என் வயரின் நுனியை வாங்கிக்கொண்டு திரைக்குப் பின்னால் போவான். "நீர் வாசியும். மிச்சத்தை நான் பாக்கிறன்" என்பான். எவ்வளவு நல்ல பிள்ளை என்று நினைத்துக்கொள்வேன்.

இந்த நேரத்தில்தான் எனக்குப் பெண் பார்த்தார்கள். நாரந்தனையில் ஒரு தபாலதிபரின் மகள், பெயர் பவானி. சாதகம் பொருந்திவிட்டது. என்னை நேரில் பார்த்த பிறகு முடிவு சொல்வதாகத் தபாலதிபர் சொல்லியனுப்பியிருந்தார். அவர் தம்பியின் மகளுக்குக் கலியாணம் வந்தது. அந்த வரவேற்புக்கு எங்கள் குழுவைக் கேட்டார்கள். மகன் கிற்றார் வாசிப்பதை வந்து பாருங்கள் என்று அம்மா ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார்.

பின்னேரம் நாலு மணி. வீட்டு முற்றத்தில் பந்தல். மேடை இல்லை, திரையும் இல்லை. நிலத்தில் பாய் விரித்து நின்றோம். ஒலிபெருக்கிக் குழாய்கள் இரண்டும் பனையில் கட்டியிருந்தன. முன்வரிசைக் கதிரையில் தபாலதிபர், அவருக்குப் பக்கத்தில் நீலச் சேலையில் பவானி. நான் ஒருமுறை பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டேன். குனிந்த இடத்தில் என் வயர் கிடந்தது. அதன் நுனி அம்பிளிபயருக்கு ஒரு சாண் தள்ளிப் பாயில் படுத்திருந்தது.

கலியாண வீட்டு அவசரத்தில் மணியம் மறந்துவிட்டான், பாவம் என்று நினைத்தேன். அவனைக் காட்டிக்கொடுக்கக்கூடாது என்று பெருந்தன்மையோடு நானே எடுத்துச் செருகினேன். மணியம் தூரத்திலிருந்து தலையை இடமும் வலமும் ஆட்டினான். நன்றி சொல்கிறான் என்று பதிலுக்குத் தலையாட்டினேன். நீலச் சேலைக்கும் கேட்கவேண்டுமே என்று சத்தக் குமிழைக் கடைசிவரை திருப்பினேன்.

மணமக்கள் பந்தலுக்குள் வந்தார்கள். அன்ரன் அண்ணை கையைக் காட்டினார். நான் கண்ணை மூடிக்கொண்டு ஆறு நரம்புகளையும் ஒருமிக்க அடித்தேன்.

அந்தச் சத்தத்தை எழுத்தில் கொண்டுவர ஏலாது. தகரக் கூரையின்மேல் இன்னொரு தகரக் கூரையை இழுத்ததுபோல இருந்தது என்று அம்மா பிற்காலத்தில் சொன்னார். எனக்கு அப்படிப் படவில்லை. என் இசையில் இன்றைக்கு ஏதோ புதுக் கம்பீரம் இருக்கிறது என்றே பட்டது. ஒரு முழுப் பல்லவிக்கு வாசித்தேன். பிறகு, நான் மட்டும்தான் வாசிக்கிறேன் என்பது மெல்ல உறைத்துக் கண்ணைத் திறந்தேன்.

யோகன் வாயைத் திறந்தபடி நின்றான். மாப்பிள்ளை திடுக்கிட்டுப் பெண்ணின் சேலைத் தலைப்பை மிதித்திருந்தார், அது தோளில் கிழிந்துவிட்டது. குழந்தைகள் எல்லாம் ஒரே சுருதியில் அழுதார்கள் (அந்த முற்றத்தில் சுருதி சேர்ந்திருந்தது அது ஒன்றுதான்). பின்வளவால் மாடு அறுந்த கயிற்றோடு ஒழுங்கைக்குப் போய்க்கொண்டிருந்தது.

அன்ரன் அண்ணை என்னைக் கையில் பிடித்துக் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

"தம்பி, உம்மடை வயரை நாங்கள் ஒருநாளும் குத்திறேல்லை."

"எண்டைக்கிலையிருந்து அண்ணை?"

"முதல் நாளிலையிருந்து."

காரைநகர், சாட்டி, எங்கள் தாளத்துக்கு வந்துபோன அலைகள், எல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தன. அதிலெல்லாம் நான் இல்லை. என் அம்பிளிபயர் மட்டும்தான் இருந்திருக்கிறது.

அவர் கிணற்றுக் கட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நீர் அம்பிளிபயரைத் தூக்கிக்கொண்டு போனாலும் நான் ஒண்டும் சொல்லமாட்டன். பிழை எங்களிலைதான்."

போகத்தான் நினைத்தேன். மணியத்தை இரண்டு அறை அறைந்துவிட்டுப் போகவேண்டும் என்றும் நினைத்தேன். திரும்பிப் பார்த்தால் மணப்பெண் கிழிந்த தோளைக் கையால் பொத்திக்கொண்டு தலை குனிந்து இருந்தாள். யோகன் மைக்கை இரண்டு கையாலும் பிடித்தபடி எங்களையே பார்த்தான். அந்த மைக்கின் வயர் என் அம்பிளிபயரில்தான் செருகியிருந்தது. அம்பிளிபயர் போனால் அன்றைக்கு அந்த வீட்டில் பாட்டு இல்லை.

திரும்பிப் போய் வயரை நானே பிடுங்கினேன். நுனியைப் பெல்பொட்டம் பைக்குள் போட்டுக்கொண்டேன். வாசித்தேன்.

இரண்டு மணித்தியாலம் வாசித்தேன். அன்றைக்குத்தான் எங்கள் குழுவை நான் முதன்முதலாகக் கேட்டது. யோகன் மேலே போகும்போது அன்ரன் அண்ணையின் அக்கோடியன் மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு அவனுக்காகக் காத்திருப்பதும், தபேலா நடந்துவந்து அவர்களோடு சேர்ந்துகொள்வதும் கேட்டன. பந்தலுக்குள் மஞ்சள் வெயில் விழுந்தது. மணப்பெண் ஒருமுறை சிரித்தாள். இத்தனை நாளும் என்னை மட்டுமே கேட்டுக்கொண்டு எவ்வளவு நல்ல பாட்டையெல்லாம் தவறவிட்டேன் என்று நினைத்தபடி, சத்தமில்லாத நரம்புகளை மிகக் கவனமாகத் தடவிக்கொண்டு நின்றேன்.

மறுவாரம் தபாலதிபரிடமிருந்து சம்மதம் வந்தது. முதல் பாட்டில் மெசின் பிழைவிட்டுவிட்டதாம். அதற்குப் பிறகு தம்பி ஒரு பிழையும் விடவில்லையாம்.

கலியாணம் முடிந்து ஒரு கிழமைக்குப் பிறகு பவானி கேட்டாள். "அண்டைக்கு வயரை ஏன் பொக்கற்றுக்குள்ளை வைச்சிருந்தனீங்கள்?"

எல்லாவற்றையும் சொன்னேன். சிரித்துச் சிரித்து அவளுக்குப் புரையேறியது. தண்ணீர் குடித்துவிட்டு, "கோவிச்சுக்கொண்டு போகப்போறியள் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான். போகேல்லை" என்றாள்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ரிதம் கிற்றார் என்பது வாத்தியத்தின் பெயரல்ல. வேலை நடக்கும் இடத்தில் மும்முரமான முகத்தோடு நின்று ஒன்றும் செய்யாதவரின் பெயர். குசினி வாசலில் நான் கையில் சுளகோடு நின்றால், "அப்பா ரிதம் கிற்றார் வாசிக்கிறார்" என்று பிள்ளைகள் சொல்வார்கள். போன மாதம் மகள் தன் கந்தோருக்குப் புதிதாக வந்த மேலதிகாரியைப் பற்றித் தாய்க்கு ரெலிபோனில் சொன்னாள்.

"நல்ல மனுசன் அம்மா. ரிதம் கிற்றார்."

பவானி மேற்கொண்டு ஒரு கேள்வியும் கேட்கவில்லை.