கண்டித் துறைமுகத்தின் கப்டன்

கண்டியில் கடல் இல்லை என்பதை ஒத்துக்கொள்ளாத ஒரே ஆள் என் தங்கச்சியின் புருஷன்தான். பெயரைச் சொல்ல மாட்டேன். தங்கச்சி இந்தப் பத்திரிகையை வாசிப்பவள். ஊருக்கு அவர் கப்டன். எனக்கு மச்சான். இரண்டுமே எனக்குத் தலைக்குனிவு.

வத்தேகமவிலிருந்து வந்து, கண்டியில் ஒரு கடையில் கயிறும் தார்ப்பாயும் விற்றுக்கொண்டிருந்தார். அந்தக் கடையை மூடினார்கள். வேறு யாராவது என்றால் ஓட்டோ ஓட்டப் போயிருப்பார்கள். இவர் கொழும்பு நடைபாதையில் எப்போதோ வாங்கிய வெள்ளைத் தொப்பியைத் தலையில் கவிழ்த்தார், கழுத்தில் ஒரு விசிலை மாட்டினார், வாவிக்கரையில் போய் நின்றுவிட்டார். கையில் ஒரு அட்டை. 'கண்டித் துறைமுகம், நடந்தே பார்க்கலாம்' என்று மூன்று பாஷையிலும் எழுதியிருந்தது. பாண் வாங்கப் போன நான் அதைப் பார்த்துவிட்டுப் பாண் வாங்காமலேயே வீட்டுக்குத் திரும்பினேன்.

ஒருவரும் வராமல் இருந்திருந்தால் இரண்டு நாளில் புத்தி வந்திருக்கும். வெள்ளைக்காரர்கள் வரிசையாக வந்தார்கள். மலைக்கு மேலே துறைமுகம் என்றால் எவனுக்குத்தான் பார்க்க ஆசை வராது? வாவியின் நடுவில் இருக்கும் தீவு, வெளிச்சவீடு இருந்த இடம் என்பார். ராணிகள் குளித்த மண்டபம் இவருக்குச் சுங்கக் காரியாலயம். வாவியைச் சுற்றி வளைந்து வளைந்து போகும் மதிலை மேகம் மாதிரிக் கட்டினார்கள் என்று கண்டியில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கப்டனைக் கேட்டால், அது கடலைப் பார்க்காத ராஜா பிறர் சொல்லக் கேட்டுக் கட்டிய அலை. கரையேறி வெயில் காயும் கபரகொய்யா, அந்தப் பெரிய உடும்பு, துறைமுகப் பொலிஸ். அதற்கு எல்லாரும் சல்யூட் அடிக்க வேண்டும். அடித்தார்கள்.

நீர்க்காகங்கள் அடைந்து கிடக்கும் மரங்களுக்குக் கீழே வந்ததும் விசில் ஊதுவார். மேலேயிருந்து எச்சம் கொட்டும் இடம் அது. பழைய கடையில் மிஞ்சிய நீலத் தார்ப்பாயைத் துண்டு துண்டாக வெட்டி வைத்திருந்தார். ஆளுக்கொன்றாகத் தலையில் போட்டுக்கொண்டு நடக்க வேண்டும். கடற்பறவைகளின் ஆசீர்வாதம் கிடைக்கிறதாம். பஸ்ஸில் போகிறவர்கள் எட்டி எட்டிப் பார்ப்பார்கள். நான் வேலை செய்யும் மருந்துக்கடையின் முதலாளி ஒருநாள், "அந்தத் தார்ப்பாய் ஊர்வலம் நடத்துறவரு உங்க சொந்தமாமே?" என்றார். தூரத்துச் சொந்தம் என்றேன். மச்சான் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் ஒரே மதில்.

இடம், வலம் என்ற சொற்கள் அவர் வாயில் வராது. 'ஸ்டார்போர்ட்' என்று கத்தினால் இடப்பக்கம், வாவியோரமாக ஒதுங்க வேண்டும். 'போர்ட்' என்றால் வலப்பக்கம். ஒருமுறை சொந்தமாகப் பாய்மரப் படகு வைத்திருக்கும் ஜெர்மன்காரப் பெண் ஒருத்தி வந்திருந்தாள். அம்பிட்டிய பஸ் ஓரத்தை உரசிக்கொண்டு வந்தது. கப்டன் 'ஸ்டார்போர்ட்' என்று கத்தினார். எல்லாரும் வாவிப் பக்கம் ஒதுங்க, அவள் மட்டும் பஸ்ஸுக்கு முன்னால் பாய்ந்தாள். டிரைவர் சிங்களத்தில் சொன்னதை இங்கே எழுத முடியாது. உயிர் தப்பியவள் கையை ஆட்டி ஆட்டிக் கப்டனுக்கு ஏதோ விளக்கினாள். அவர் என்னிடம் வந்து அவளுக்காக இரக்கப்பட்டார்.

"பாவம் மச்சான். படகெல்லாம் வச்சிருக்கா, பக்கம் தெரியல."

இதையெல்லாம் தலையெழுத்து என்று விட்டிருப்பேன். ஆனால் அவருடைய மகள் நிரோஷாவுக்குக் கல்யாணப் பேச்சு வந்தது. அவள் டீச்சர். பையன் இங்கே பேங்கில் வேலை, சொந்த ஊர் யாழ்ப்பாணம். இரண்டு பேரும் விரும்பிவிட்டார்கள். பையனின் அம்மா, தேயிலைத் தோட்டத்துப் பக்கத்து ஆட்கள் வேண்டாம் என்று ஒரு தடவை சொல்லியும் விட்டார். எங்களைப் பற்றி அங்கே சிலர் எப்படிப் பேசுவார்கள் என்பது எனக்குத் தெரியும். நினைத்தாலே பற்றிக்கொண்டு வரும். மகனின் பிடிவாதத்துக்காகத்தான் வந்து பார்க்கச் சம்மதித்திருந்தார்கள். போதாததற்குப் பையனின் அப்பா கப்பல்காரர். பாதி ஆயுளைக் கப்பலில் கழித்தவர்.

நிரோஷா அப்பாவிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "நாளைக்கு ஒரு நாளைக்கு மட்டும் கப்டனா இருக்காதீங்கப்பா."

அவர் தொப்பியையும் விசிலையும் அலுமாரியில் வைத்தார். பூட்டியது நான். திறப்பை அவரிடமே கொடுத்ததுதான் மடத்தனம்.

வந்தவர்கள் கதிரைகளில் உட்கார்ந்தார்கள். பையனின் அம்மா நல்ல பட்டுச்சேலை, நிமிர்ந்த முகம். தேத்தண்ணீரைக் கையில் எடுத்தவர் குடிக்காமல், கப்டன் என்ன வேலை செய்கிறார் என்று கேட்டார். வியாபாரம் என்று நான் முந்திக்கொண்டேன். அதே நேரத்தில் இவர் துறைமுகத்தில் என்றார்.

கப்பல்காரர் நிமிர்ந்து பார்த்தார். "எந்தத் துறைமுகம்?"

"வாங்க, காட்டுறேன்" என்று சொல்லி இவர் அலுமாரியைத் திறந்தார். நிரோஷா குசினிக்குள் போய்விட்டாள்.

வாவிக்கரையில் அவர்களுக்கு நன்றாகப் பின்னால், வேறு யாருடனோ வந்தவன் போல நடந்தேன். வெளிச்சவீடு முடிந்தது. சுங்கம் முடிந்தது. கபரகொய்யாவுக்குக் கப்பல்காரர் சல்யூட் அடித்தார். நீர்க்காக மரத்துக்குக் கீழே அந்த அம்மா பட்டுச்சேலைக்கு மேலே நீலத் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டார். நிரோஷா என் கையைப் பிடித்திருந்தாள். வலித்தது. இந்தக் கல்யாணம் சரி, முடிந்துபோயிற்று என்று நினைத்தேன்.

அப்போது ஒரு லொறி வந்தது. கப்டன் 'ஸ்டார்போர்ட்' என்று கத்தி இடப்பக்கம் ஒதுங்கினார். கப்பல்காரர் அப்படியே நின்றுவிட்டார். லொறி போவதற்குள் நாங்களும் கிட்ட வந்துவிட்டோம். அவர் மெதுவாகக் கேட்டார்.

"தம்பி, நீங்கள் கப்பலைக் கரையில நிண்டு பாத்தனீங்களோ?"

மச்சான் தொப்பியைக் கழற்றினார். கொழும்பு ஹாபரில் இருந்தேன் என்று எங்களிடம் சொன்ன மனிதர் அவர். அங்கே என்ன செய்தார் என்று நாங்கள் ஒருவரும் கேட்டதில்லை.

"கன்டீன்ல கோப்பை கழுவினேங்க. கழுவுற இடத்துல ஒரு ஜன்னல் இருந்துச்சு. கப்பலெல்லாம் என்னையப் பார்த்துதான் வந்துச்சு."

கப்பலில் இருப்பவர்களுக்கு 'ஸ்டார்போர்ட்' என்றால் வலப்பக்கம். எனக்கு எதிரே வரும் கப்பலுக்கு எது வலமோ அது எனக்கு இடம். ஜன்னலால் பார்த்து, அதைக் காட்டி அங்கிருந்தவர்கள் சொன்ன பெயர்களை அப்படியே மனப்பாடம் செய்திருக்கிறார். ஜெர்மன்காரி ஏன் பஸ்ஸுக்கு முன்னால் பாய்ந்தாள் என்பது அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. எங்கே போய் முகத்தை ஒளிப்பது என்றுதான் தெரியவில்லை.

கப்பல்காரர் வாவிப் பக்கம் திரும்பினார்.

"நான் அடியில, எஞ்சின் அறையில. அங்க ஜன்னல் இல்லை. எத்தினை துறைமுகத்துக்குப் போயிருப்பன், ஒண்டையும் வடிவாப் பாக்கேல்லை." பிறகு கப்டனின் கையிலிருந்த தொப்பியை வாங்கி அவர் தலையிலேயே வைத்தார். "மிச்சத்தையும் காட்டுங்கோ."

தார்ப்பாய்க்குள்ளிருந்து அந்த அம்மாவின் குரல் வந்தது. "ஓம், காட்டுங்கோ. கலியாணம் கட்டி இத்தினை வருசத்தில இந்த மனுசன் எனக்கு ஒரு துறைமுகமும் காட்டேல்லை."

நிரோஷா என் கையை விட்டாள்.

கல்யாணம் நடந்தது. சாப்பாட்டு வரிசையை ஒழுங்குபடுத்தக் கப்டன் விசில் ஊதியதைப் பற்றி நான் பேச விரும்பவில்லை. சம்பந்தி யாழ்ப்பாணத்திலிருந்து வரும்போதெல்லாம் கப்டனோடு ஒரு சுற்றுப் போகிறார். 'ஸ்டார்போர்ட்' என்று கேட்டால் முதல் ஆளாக இடப்பக்கம் ஒதுங்குகிறார். இதுவரை ஒருநாளும் திருத்தவில்லை.

எனக்கு இன்னமும் வெட்கமாகத்தான் இருக்கிறது. அது போகாது. போன கிழமை மருந்துக்கடை முதலாளியோடு வாவிக்கரையில் நடந்து வந்தேன். பின்னால் பஸ் ஹோன் அடித்தது. நான் 'ஸ்டார்போர்ட்' என்று கத்தி இடப்பக்கம் பாய்ந்தேன். முதலாளி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"மச்சான் பழக்கிவிட்டது" என்றேன்.